பஸ் பாதை தோட்ட வாசலிலேயே முடிவதா?

ஒரு நாட்டில் எவரெவரைக் குடிமக்களாக மதிக்கின்றனர் என்பதை அறிய அரசியலமைப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. அந்நாட்டின் பஸ் வண்டி எவ்விடத்தில் நின்று திரும்புகின்றது என்பதைக் கண்டாலே போதும். ஊவாவின் மலைகளிலே பஸ் வண்டி பெரும்பாலும் தார்ப்பாதை முடியும் இடத்தில் திரும்பி விடுகின்றது. அவ்விடத்திலிருந்துதான் தோட்டம் தொடங்குகின்றது. அங்கிருந்து லயம் வரையுள்ள தூரத்தைப் பிள்ளை புத்தகப் பையுடன் நடக்கின்றது. கருவுற்ற தாய் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடக்கின்றாள். ஓய்வுபெற்ற முதியவர் ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்களை மடியிற் கட்டிக்கொண்டு நடக்கின்றார். நடக்க இயலாதவர் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் கூலி, அன்று மலையேறிக் கொழுந்து பறித்துப் பெற்ற சம்பளத்தைக் கடித்துத் தின்றுவிடுகின்றது.

சில தோட்டங்களுக்குப் பஸ் ஓடுகின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது எப்பொழுது வரும் என்பதை அறிந்தவர் எவர்? காலையில் ஒரு முறை வரும். மழை பெய்தால் வராது. வண்டி பழுதானால் வாரக்கணக்கில் வராது. வராததற்குக் காரணம் கூறுவாரும் இல்லை. காரணம் கேட்பாரும் இல்லை. இந்நிலை ஒரு சிறு வசதிக் குறைவு அன்று. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளின் கணக்கும், மருத்துவமனைக்குக் காலந்தாழ்த்திச் சென்ற நோயாளரின் கணக்கும் இதிலேதான் அடங்கிக் கிடக்கின்றன.

உலகின் பெரு நகரங்களிலே இன்று ‘விரைவுப் பஸ் போக்குவரத்து’ என்னும் முறை பேசப்படுகின்றது. பிரேசில் நாட்டுக் குரிற்றிபா நகரம் 1974ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கிற்று. கட்டடக் கலைஞராகிய ஜெய்மி லேர்னர் அந்நகரின் மேயராக இருந்த காலம் அது. சுரங்க ரயில் அமைக்கப் பணம் இல்லாத நகரம், பஸ் வண்டிகளுக்கே வீதியின் நடுவில் தனிப் பாதை ஒதுக்கி, ரயிலைப் போல அவற்றை ஓட்டிற்று. கொலம்பியாவின் தலைநகராகிய பொகொட்டா 2000ஆம் ஆண்டின் இறுதியில் ‘ட்ரான்ஸ்மிலெனியோ’ என்ற பெயரில் இம்முறையைப் பெரிதாக வளர்த்தது. ஜகார்த்தா 2004இலும், நமது அண்டை நாட்டின் அகமதாபாத் 2009இலும் இதனைப் பின்பற்றின. டில்லியில் 2008ஆம் ஆண்டு அமைத்த தனிப் பாதையோ, மோட்டார்க் கார் வைத்திருப்போரின் எதிர்ப்பைத் தாங்கமாட்டாது 2016இல் இடித்து அகற்றப்பட்டது. எவர் வீதி, எவருக்கு முதலிடம் என்ற வினா எங்கும் அரசியல் வினாவே என்பதற்கு டில்லியே சாட்சி.

நமது தலைநகரிலும் இப்பேச்சு எழாமலில்லை. 2017ஆம் ஆண்டு இராஜகிரிய வழியாகக் கொழும்புக்குள் நுழையும் வீதியில் பஸ் வண்டிகளுக்கு முன்னுரிமை ஒழுங்கை ஒன்று பரீட்சிக்கப்பட்டது. யப்பானியக் கடனுதவியுடன் திட்டமிட்ட இலகு ரயில் 2020இல் கைவிடப்பட்டது. திட்டம் வருவதும் போவதும் கொழும்பின் வாழ்க்கை. ஊவாவின் தோட்டங்களுக்கோ எந்தத் திட்டமும் வந்ததுமில்லை, ஆகையால் போனதுமில்லை.

இங்கே நண்பர் சிலர் குறுக்கிட்டுக் கேட்பார்கள்: “பதுளை எங்கே, பொகொட்டா எங்கே? இரு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கவே இடமில்லாத மலைப் பாதையில் பஸ்ஸுக்குத் தனிப் பாதை கேட்கின்றீரோ?” என்று. நாம் அதனைக் கேட்கவில்லை. நமுனுகுலை மலையை வெட்டி நான்கு வரிசை வீதி போடுமாறு கேட்கும் அளவுக்கு நாம் அறிவிழந்துவிடவில்லை. அந்நகரங்களின் முறையில் தனிப் பாதை ஒரு பகுதி மாத்திரமே. மற்றப் பகுதிகள் மலைக்கும் பொருந்துவன. மலைக்கே அதிகம் தேவையானவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது, கிளைப் பஸ். குரிற்றிபாவிலும் பொகொட்டாவிலும் பிரதான பாதையிற் பெரிய வண்டிகள் ஓடுகின்றன. நகரின் ஓரத்திலுள்ள ஏழை மக்களின் குடியிருப்புகளிலிருந்து சிறு வண்டிகள் பயணிகளைச் சேகரித்துப் பிரதான நிலையத்திற் கொண்டுவந்து சேர்க்கின்றன. அங்கே மாறி ஏறுபவர் மறுபடி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதே அவ்வேற்பாட்டின் உயிர்நாடி. தூரத்தில் வாழ்பவன் தூரத்தில் வாழ்வதற்காகத் தண்டம் கட்டலாகாது என்பது அதன் நீதி. கொலம்பியாவின் மெடெயின் நகரம் இன்னும் ஒரு படி மேலே சென்று, மலைச்சரிவிலுள்ள ஏழைக் குடியிருப்புகளுக்கு 2004ஆம் ஆண்டில் கம்பிவடத்தில் தொங்கும் வண்டிகளை ஓட்டி, அவற்றை நகர ரயிலோடு இணைத்தது. மலையில் வாழ்வது குற்றமன்று என்று அந்நகரம் எண்ணியது.

இரண்டாவது, ஊதிய முறை. இதுவே யாவற்றிலும் முக்கியமானது. முன்னர் பொகொட்டாவில் ஒவ்வொரு பஸ் உரிமையாளரும் பயணியின் தலையை எண்ணிப் பிழைத்தார். ஆகவே சாரதிகள் ஒருவரையொருவர் முந்த வீதியிலே போரிட்டனர். அந்தப் போரைச் ‘சதத்துக்கான யுத்தம்’ என்றே மக்கள் அழைத்தனர். புதிய முறையில் பிரதான பாதையில் ஓடும் கம்பனிகளுக்கு, ஏற்றிய தலைக்கு அன்றி, ஓடிய கிலோமீற்றருக்குக் கணக்கிட்டு ஊதியம் கொடுத்தனர். அகமதாபாத்திலும் அவ்வாறே. குறித்த நேரத்தில் ஓடாவிட்டால் ஊதியத்தில் வெட்டு. பயணி பத்துப் பேராயினும் நூறு பேராயினும் வண்டி புறப்பட்டே ஆகவேண்டும்.

பொகொட்டாவின் முறை குறையற்றதென்று நாம் கூறவரவில்லை. பின்னாளில் அங்கே நெரிசல் மிகுந்து, மக்கள் வீதிமறியலில் இறங்கியதும் உண்டு. ஆயினும் வண்டி ஓடுவதற்கு ஒருவர் பொறுப்பு, ஓடாவிட்டால் அதற்கு விடை கூறும் கடமை என்ற அடிப்படை அங்கே நிலைத்தது. நம் நாட்டில் அந்த அடிப்படை எவ்வாறு வந்தது, எவ்வாறு போயிற்று என்பதையும் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1957ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், 1958 ஜனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. தனியார் கம்பனிகளின் கையிலிருந்த பஸ் சேவை மக்களின் உடைமையாயிற்று. இலாபம் தரும் பாதையில் வரும் பணத்தைக் கொண்டு நட்டம் தரும் கிராமப் பாதையிலும் வண்டி ஓட்டலாம் என்பதே அதன் கொள்கை. நல்ல கொள்கை. ஆனால் அந்தக் கொள்கையின் கண்ணுக்குக் கிராமம் தெரிந்தது, தோட்டம் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை?

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1952இல் நடந்த தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்கினாற் பாராளுமன்றம் சென்றவர் ஒருவருமில்லை. வாக்கு இல்லாதவனுக்குப் பஸ் கேட்க எந்தப் பாராளுமன்ற உறுப்பினர் அமைச்சரின் வாசலில் நிற்பார்? பஸ் பாதைகள் வரையப்பட்ட ஆண்டுகளிலே எம் மக்கள் வரைபடத்திற்கு வெளியே நின்றனர். அவர்களுட் கடைசியாக எஞ்சியோரும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாற் பிரசைகளாயினர். வாக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பாதை மட்டும் பழைய வரைபடத்திலேயே நிற்கின்றது.

அதே 1958ஆம் ஆண்டிலேதான் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறித்த புதிய பஸ் வண்டிகள் வடக்கே அனுப்பப்பட்டன. அதனையொட்டி எழுந்த கிளர்ச்சியும், அவ்வாண்டு மே மாதத்தில் நாடு கண்ட கொடுமையும் தமிழ் வாசகர் எவருக்கும் நினைவூட்ட வேண்டியன அல்ல. மக்களை ஒன்றிணைக்க வேண்டிய பஸ் வண்டி அன்று மக்களைப் பிரிக்கும் கருவியாயிற்று. எழுத்துப் போர் இன்று வேறு வடிவில் நடக்கின்றது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேசச் செயலகப் பிரிவுகள் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் நிருவாகம் நடத்த வேண்டியவை என வர்த்தமானியிற் பிரகடனமாகியுள்ளன. அப்பிரிவுகளின் ஊடாக ஓடும் வண்டிகளின் பெயர்ப் பலகையைச் சென்று பாருங்கள். தமிழ் இருந்தால் அது அதிர்ஷ்டம்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். தோட்டப் பாதை எவருடையது? இக்கேள்விக்கு விடை காண முயன்ற எவரும் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு அலைந்திருப்பர். தோட்டக் காணிகள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. “எமக்குக் கிடைத்தது குத்தகை, தேயிலை வளர்ப்பதே எம் வேலை” என்பர் கம்பனியார். “அது தோட்டத்துக்குள் உள்ள பாதை, எம் பட்டியலில் இல்லை” என்பர் வீதி அதிகாரிகள். பிரதேச சபையோ நெடுங்காலம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தன் கையை விரித்தது. தோட்டத் தொழிலாளி அச்சபைக்கு வாக்களிக்கலாம். அச்சபை அவன் லயத்துப் பாதையில் ஒரு கூடை கல் கொட்டவும் சட்டம் தடையாக நின்றது. இத்தகைய வேடிக்கையை வேறெங்கும் காண்பதரிது.

2018ஆம் ஆண்டில் அப்பிரிவு திருத்தப்பட்டது. தோட்டங்களுக்குள்ளும் பிரதேச சபை சேவை செய்யலாம் என்றாயிற்று. அதற்காகப் பாடுபட்டோருக்கு நன்றி கூறுவது நம் கடமை. ஆயினும் செய்யலாம் என்பது ஒன்று. செய்தே ஆகவேண்டும் என்பது வேறொன்று. அதிகாரம் வந்தது, அதற்கேற்ற நிதி உடன் வரவில்லை. பாதை செப்பமின்றி இருப்பதாற் பஸ்ஸுக்கு அனுமதி இல்லை. பஸ் ஓடாததாற் பாதையைச் செப்பனிட அவசரம் இல்லை. இந்தச் சுழலில் இன்னும் எத்தனை தலைமுறை சுழல்வது?

1979ஆம் ஆண்டிலே தனியார் பஸ்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. பயணிகள் மிகுந்த பாதைகளையும் மிகுந்த நேரங்களையும் அவை நாடிச் சென்றன. அது வியாபார இயல்பு. அவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஒரு வண்டி, ஓர் உரிமையாளர், ஓர் அனுமதிப் பத்திரம். சாரதிக்கும் நடத்துநருக்கும் அன்றைய வசூலைப் பொறுத்தே கைக்காசு. பொகொட்டா கைவிட்ட ‘சதத்துக்கான யுத்தம்’ நமது மலைப் பாதைகளில், ஒரு புறம் பாறையும் மறு புறம் பள்ளமுமாக, நாள்தோறும் நடைபெறுகின்றது. இ.போ.ச. வண்டிகளையும் தனியார் வண்டிகளையும் ஒரே நேர அட்டவணையில் இணைக்க முற்பட்டபோது, 2025 ஆகஸ்டில் இ.போ.ச. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. தொழிலாளரின் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அட்டவணை இல்லாமையின் விலையைக் கொடுப்பவர் பயணியே என்பதை அவர்களும் மறத்தலாகாது.

அவ்விலை சில வேளைகளில் உயிரே. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ், பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்திற் பாய்ந்தது. பதினான்குக்குக் குறையாத உயிர்கள் பலியாயின. மேலிருந்து விழுந்த பாறை ஒன்று பாதையின் ஒரு பகுதியை அடைத்துக் கிடந்த இடம் அது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் உல்லாசப் பயணம் வந்தோரின் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அவர்கள் தென்னிலங்கைச் சிங்கள மக்கள். மலைப் பாதையின் பள்ளம் இனம் பார்த்து விழுங்குவதில்லை. ஆகவே நாம் கேட்பது தமிழருக்கான சலுகை அன்று. ஊவாவின் வீதியில் ஏறும் ஒவ்வொருவருக்குமான பாதுகாப்பு.

மண்சரிவையும் இங்கே மறக்க இயலாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுள் மறைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலின் பெருமழை பதுளை மாவட்டத்தில் மீண்டும் உயிர்களைக் கொண்டு போயிற்று, பாதைகளையும் அறுத்தெறிந்தது. வெளியேறு என்று எச்சரிக்கை வரும்போது வெளியேறும் வழி எது? பஸ் வரக்கூடிய பாதை என்பது அன்றாடப் பயணத்திற்கு மட்டுமன்றி, ஆபத்து நாளில் உயிர் தப்பும் பாதையுமாகும்.

பணத்திற்கு எங்கே போவது என்று கணக்கர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். விடையும் நாட்டிலேயே இருக்கின்றது. பாடசாலைப் பிள்ளைகளுக்கென 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘சிசு செரிய’ சேவையில், பிள்ளை குறைந்த கட்டணம் கொடுக்க, மிகுதியை அரசு பஸ் உரிமையாளருக்குக் கொடுக்கின்றது. தனியார் வண்டியையும் பொதுக் கடமைக்கு ஒப்பந்தம் செய்யலாம் என்பதை அரசாங்கமே இவ்வாறு ஒப்புக்கொண்டிருக்கின்றது. நட்டப் பாதைக்கு மானியம் என்ற கொள்கை 1958இலேயே ஏற்கப்பட்டது. அதனைத் தோட்டத்திற்கும் நீட்டுவதே நாம் வேண்டுவது. 1924இல் பதுளை வரை ரயில் பாதை போட்டவர்கள் தேயிலைப் பெட்டியை இறக்கவே போட்டனர். பெட்டிக்கு மலையைக் குடைய முடிந்த நாட்டில், பெட்டியை நிரப்பியவளுக்கு ஒரு பஸ் ஓட்ட முடியாதா?

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. பல தோட்டப் பிரிவுகளை இணைக்கும் பிரதான தோட்டப் பாதைகள் யாவும் பொதுப் பாதைகளென வர்த்தமானியில் அறிவிக்கப்படல் வேண்டும். அவற்றைப் பஸ் ஓடும் தரத்திற்குக் கொணர, வடிகாலும் வண்டி விலகும் இடமும் திரும்பும் இடமும் அமைக்க, பிரதேச சபைகளுக்குத் தனி நிதி ஒதுக்கப்படல் வேண்டும்.

2. அப்பாதைகளுக்குச் சிறிய பஸ் வண்டிகள் வேண்டும். இ.போ.ச. சாலையாயினும் தனியாராயினும், ஓடிய கிலோமீற்றருக்கு ஊதியம். ஓடாத நடைக்குத் தண்டம் என்ற ஒப்பந்தம் வேண்டும்.

3. தோட்டத்திலிருந்து வருபவர் பசறையிலோ, ஹாலிஎலவிலோ, பண்டாரவளையிலோ, அப்புத்தளையிலோ வண்டி மாறினால் ஒரே பயணச்சீட்டுச் செல்லுபடியாதல் வேண்டும்.

4. நேர அட்டவணை பாடசாலை மணிக்கும், மருத்துவமனைக் கிளினிக் நாளுக்கும், பெரட்டு நேரத்துக்கும் இசைய அமைதல் வேண்டும். காலை முதல் வண்டியும் மாலைக் கடைசி வண்டியும் எக்காரணத்தாலும் நிறுத்தப்படலாகாது.

5. பெயர்ப் பலகை, பயணச்சீட்டு, அறிவித்தல் யாவும் சட்டம் கூறும் இரு மொழிகளிலும் இருத்தல் வேண்டும்.

மாகாணத்துக்குள் ஓடும் பஸ் மாகாண சபைக்குரிய விடயம். ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல். அதன் காலம் 2019இல் முடிந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்காக மக்களின் பிரதிநிதியற்ற நிருவாகமே நடைபெற்றது. பஸ் வரவில்லை என்று கேட்க ஓர் உறுப்பினர் இல்லாத மாகாணத்தில் பஸ் எப்படி வரும்? மாகாணத் தேர்தலைப் பற்றிப் பேசுவது வெறும் அரசியல்வாதிகளின் பதவி ஆசை என்று எண்ணுவோர், இந்த வினாவைச் சிந்திப்பாராக.

கோரிக்கையை எழுதி வைத்துவிட்டுக் காத்திருப்பது நமது பழைய வழக்கம். இம்முறை அவ்வாறு இருத்தலாகாது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஆசிரியர் ஒருவரோ, உயர்தரம் படித்த இளைஞர் ஒருவரோ ஒரு கொப்பியை எடுத்து, பஸ் வந்த நேரம், வராத நாள் இரண்டையும் மூன்று மாதம் குறித்து வைக்கட்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தப் பாதைக்கு வழங்கிய அனுமதிப் பத்திரத்தையும் நேர அட்டவணையையும் கேட்டு விண்ணப்பிக்கட்டும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு கூறக் கடமைப்பட்டவர். அட்டவணையில் எழுதியிருப்பதையும் கொப்பியில் எழுதியிருப்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வழக்கின் பாதி முடிந்துவிடும். அழுகையை அலட்சியம் செய்பவர், திகதியிட்ட சான்றை அவ்வளவு எளிதில் அலட்சியம் செய்ய இயலாது. அவ்விண்ணப்பங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பதும், மறுப்பு வந்தால் மேன்முறையீடு செய்வதும் எம் போன்ற சட்டத்தரணிகளின் கடமை. கட்டணம் வேண்டாது அதனைச் செய்ய முன்வருமாறு தொழில் தோழர்களை அழைக்கின்றோம்.

வடக்குக் கிழக்கிலுள்ள விவசாய அன்பர்கள், ‘இது மலையகத்தார் காரியம்’ என்று இவ்விதழை மடித்து வைத்துவிடலாகாது. செங்கலடியிலிருந்து மேற்கே செல்லும் வீதியை மட்டக்களப்பார் பதுளை வீதி என்றே அழைப்பர். நெல் அவ்வழியே மேலே ஏறுகின்றது. வெலிமடையின் மரக்கறியும் கிழங்கும் மலையிலிருந்து கீழே இறங்குகின்றன. லயத்தின் பின்புறம் நாலு பாத்தி மரக்கறி போட்டவளுக்கு, அதனைச் சந்தைக்குக் கொண்டு போகும் வண்டி எவ்வளவு முக்கியமோ, படுவான்கரை விவசாயிக்கும் அவ்வளவே முக்கியம். வரவேண்டிய பஸ் வராத வீதி முனையில் காத்து நின்ற அனுபவம் இரு திறத்தாருக்கும் பொது. கோரிக்கையும் பொதுவாகட்டும்.

பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மலையகத் தமிழர் வாழ்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் விடியுமுன் எழுபவர். அவர்களைக் காக்க வைப்பதற்கு இந்நாட்டில் எவருக்கும் உரிமை இல்லை. நாளைக் காலை பெரட்டு மணி அடிக்கும். கொப்பியின் முதற் பக்கத்தில் முதல் வரியை எழுதுவோம்.